இதய வடிவில் ஒரு தரைப்பாலம்

செவ்வகத்தைக் கண்டால் கை அரிக்கிற ஒரு கூட்டம் நம் நடுவே உலவுகிறது. உங்கள் அலுவலகத்திலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். கூட்டத்தில் திரையில் ஓட்டிக் காட்ட நாலு ஸ்லைடு செய்து கொடுங்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்த படத்தை அவர் முதலில் பார்க்கமாட்டார். எந்த வடிவத்தில் வெட்டலாம் என்றுதான் பார்ப்பார். வட்டம், நட்சத்திரம், மேகம், வைரம், அறுகோணம், அம்புக்குறி என்று அந்த மென்பொருள்காரன் புண்ணியத்தில் வரிசையாக எத்தனை வைத்திருக்கிறானோ அத்தனையிலும் படத்தைப் போட்டுப் பார்த்து, தலையைச் சாய்த்து ரசித்து, கடைசியில் இதயத்துக்கு வந்து நிற்பார். எப்போதும் இதயம்தான். இந்த இனத்துக்கு வடிவக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு வாய்த்த வடிவக்காரர் ரெக்ஸ். மலைக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்குப் பக்கத்து மேசை. தங்கமான மனுஷன்; கம்ப்யூட்டரைத் திறக்காதவரை. ஓய்வு நேரத்தில் உறவுக்கும் நட்புக்கும் பேனர் செய்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்கவாவது வழியிருந்திருக்கும். தியாகதுருகத்தில் நண்பர் ஜெயப்பிரகாஷின் குழந்தைக்குக் காதணி விழா. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு இதயம், இதயத்துக்குள் குழந்தையின் முகம். இரண்டு காதையும் காணோம்! காது குத்துகிற விழாவுக்கே காதில்லாத பேனர். தாய்மாமன் பேனரையும் மடியிலிருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். ரெக்ஸிடம் கேட்டதற்கு, “மூஞ்சிதாங்க மெயினு, காது இன்னாத்துக்கு?” என்றார். விழாவுக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். காது பேனரில் இல்லாவிட்டால் என்ன, குழந்தையிடம் இருந்ததே.

எல்லா இடத்திலும் அப்படித் தப்பிக்க முடிவதில்லை, அதுதான் சங்கடம்.

கல்வராயன் மலையில் ஓர் ஊர். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடை, ஓடைமேல் தரைப்பாலம். போன மழையில் பாலத்தின் ஒரு முனையை வெள்ளம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வெயில் காலத்தில் பிள்ளைகள் ஓடையில் இறங்கி ஏறிப் போகலாம். மழை வந்துவிட்டால் அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் பிள்ளைகள். அந்த ஊர்க் கமலாவின் மகள் தனுஷா பத்தாவதுக்குப் போக வேண்டியவள். போன மழைக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த மழைக்குள் பாலம் சரியாகாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் களப்பணியாளர் செலினா மலையேறிப் போய் ஒரு படம் எடுத்து வந்தார். ஒரே படம்தான், ஆனால் அதில் எல்லாம் இருந்தது. பின்னால் மலை, மேலே மேகம், நடுவில் பாலம். கீழே இடது மூலையில் பிய்ந்துபோன முனை, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முனையில் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தனுஷா. சென்னையில் ஒரு கம்பெனியின் நன்கொடைக் குழு வரப்போகிறது, இந்தப் படத்தைக் காட்டினால் போதும், பாலம் வந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

படம் ரெக்ஸ் கைக்குப் போனது.

செலினாவுக்கு உள்ளூரப் பயம்தான். படத்தை அப்படியே விட்டுவிடும்படி நேரிலும் சொன்னார், போனிலும் சொன்னார். சொன்னால் கேட்கிற ஜாதியா வடிவக்காரர்? சதுரமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் போரடிக்கும், மனசைத் தொடவேண்டாமா அக்கா என்று அவருக்கே வகுப்பெடுத்தார். மனசைத் தொடுவதற்கு என்ன வழி? இதயம்! மேலே இரண்டு மேடும் மலைக்கும் மேகத்துக்கும் அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தின. கீழே இதயம் கூராகக் குறுகுமில்லையா, அங்கே இடது மூலை போயிற்று. மூலையோடு பிய்ந்த முனை போயிற்று. முனையோடு தனுஷாவும் போனாள். மெயிலில் அனுப்ப ஃபைல் கனமாக இருக்கிறதென்று வெட்டிய பகுதிகளை ஒரேயடியாக அழித்தும் விட்டார். பிறகு சுற்றிலும் ஒரு ரோஸ் கலர் பார்டர்.

கூட்டத்தன்று கமலா முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கி வந்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். ரெக்ஸ் பட்டனைத் தட்ட, இதயம் சுழன்று சுழன்று வந்து திரை நடுவில் உட்கார்ந்தது. குழுவின் தலைவர் தம்மை மறந்து கைதட்டினார்.

கமலா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எம்பொண்ணு இங்கதானே நின்னுக்கினு இருந்துச்சி. ஒடஞ்ச எடம் எங்கீங்க?”

தலைவர் கமலாவைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். திரையைத்தான் நம்பினார்.

“பாலம் நல்லாத்தானேம்மா இருக்கு” என்றார்.

செலினா துடித்துப்போய்த் தன் போனிலிருந்த முழுப் படத்தை எடுத்து நீட்டினார். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்றார் தலைவர். அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது, அதோடு சரி. தலைவர் மனசு அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. இவ்வளவு அழகான இடத்தை உலகத்துக்குக் காட்டாமல் வைத்திருக்கிறீர்களே என்று எங்களைக் கடிந்துகொண்டார். நிதியை அங்கேயே அறிவித்தார். எதற்கு? செல்ஃபி எடுக்கும் மேடைக்கு! ஓடைக்கரையில் சிமென்ட் மேடை, மேடைமேல் ஆளுயர இரும்பு இதயம், அதற்குள் நின்று மலையோடு படமெடுத்துக்கொள்ளலாம். யோசனை எங்கிருந்து வந்தது என்றா கேட்கிறீர்கள்? ரெக்ஸுக்குத் தலைவர் தனியாகக் கைகொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கோமுகி ஆற்றில் போட்டிருப்பேன். ரெக்ஸிடம் சண்டைக்கே போனேன். பாவி, ஒரு பிள்ளையின் படிப்பை வெட்டிவிட்டாயே என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கண்கலங்கி, “படம் நல்லா இல்லீங்களா?” என்று கேட்டார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

ஆவணியில் இதயம் வந்து நின்றது. ஐப்பசியில் மழை வந்தது. பாலத்தில் மிச்சமிருந்த பாதியும் போனது, தனுஷாவின் அப்பா சொன்னதைச் செய்தார். மேடைக்கு மட்டும் ஒரு கீறல் விழவில்லை. உறுதியான வேலை, குறை சொல்லக் கூடாது. இப்போது தனுஷா அந்த ஓடைக்கரையில்தான் ஆடு மேய்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் காரில் வருகிறவர்கள், படத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அவளும் தள்ளி நிற்கிறாள்.

நல்லவேளை, நமக்கு ஸ்லைடு செய்யவே தெரியாது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். வெள்ளிமலைப் பக்கம் அருவி பார்க்கக் குடும்பத்தோடு போனீர்கள் அல்லவா? வழியில் இதயத்தைப் பார்த்ததும் காரை நிறுத்திவிட்டு உள்ளே நின்று படம் எடுத்தீர்கள். நல்ல படம். அதை ஸ்டேட்டஸில் வைக்கும் முன்பு ஓரத்தில் லேசாக வெட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆடு விழுந்திருக்கிறது என்றுதானே வெட்டினீர்கள்?

ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றவள்தான் தனுஷா.