குதிரையைக் குத்தகைக்கு விடுவது தொடர்பாக

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நான் நலம். துரையும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்; இல்லாவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ கேள்வி கேட்கிறாய், நான் பதில் சொல்கிறேன், வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்ததும் "கால் எப்படி இருக்கு?" என்றாய். என் முழங்காலைத்தான் கேட்கிறாய் என்று நம்பி, மாடிப்படி இறங்கும்போது எந்த இடத்தில் பிடிக்கிறது, டாக்டர் என்ன களிம்பு கொடுத்தார், அது எப்படி நாறுகிறது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் துரையோட முன்னங்காலைக் கேட்டேம்மா" என்றாய்.

வீக்கம் வடிந்துவிட்டது. துரைக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைத்து ஊர் மாறிப் போகும்போது, "யாராவது நல்லவங்களாப் பாத்து லீஸுக்கு விட்டுரும்மா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாய். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. வேலைக்காலம் முழுக்கக் கோர்ட்டில் டைப் அடித்தவள் நான். வீடு, கடை, கிடங்கு, லாரி எல்லாவற்றின் குத்தகைப் பத்திரமும் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. குதிரை போனதில்லை. அதனால் உன் மாஸ்டரிடம் கேட்டேன். குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பொறுமை இருக்கும் என்று நினைத்தேன், அதெல்லாம் குதிரைகளிடம்தான். முழுக் குத்தகை என்றால் துரை அவர்கள் லாயத்துக்கே போய்விடும். தீனி, லாடம், வைத்தியம் எல்லாம் அவர்கள் பாடு. போட்டியிலும் அவர்கள்தான் ஏறுவார்கள். பாதிக் குத்தகை என்றால் இங்கே லாயத்திலேயே நிற்கும்; வாரத்தில் சில நாள் அவர்கள் ஏறுவார்கள், மற்ற நாள் வீட்டுக்காரர்கள் ஏறலாம். "நான் எங்க மாஸ்டர் ஏறுறது, எனக்கு பஸ்லயே ஏற முடியல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் மாமாதான் சிரித்தான். "பாதிக் குத்தகைன்னா முன்பாதி யாருக்குக்கா, பின்பாதி யாருக்கு?" என்று கேட்டான். நீ போனதிலிருந்து பின்பாதி யாருக்கு என்று சாணி அள்ளும் மண்வாரியைக் கேட்டால் சொல்லும்.

பத்திரத்தை நானே அடித்தேன். கல் தரையில் ஓட்டக் கூடாது. புதிதாகக் கற்பவர் ஏறக் கூடாது. மாஸ்டரைக் கேட்காமல் கடிவாளத்தை மாற்றக் கூடாது. கடைசியாக ஒன்று: குத்தகைதாரர் வாரந்தோறும் உரிமையாளரின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து நலம் தெரிவிக்க வேண்டும்.

முதலில் பல் டாக்டர் வந்தார், மனைவியோடு. குத்தகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் குதிரையின் குணத்தையும் சொல்ல வேண்டும், குறையையும் சொல்ல வேண்டும், அதுதான் இங்கே முறை என்றார் மாஸ்டர். நான் குறையிலிருந்து ஆரம்பித்தேன். "கடிக்கும் டாக்டர்" என்றேன். துரை அவர் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. தண்ணீர்த் தடையைக் கண்டால் நின்றுவிடும் என்றேன். மாஸ்டர் ஏறிக் காட்டினார். காதைக்கூட அசைக்காமல் தாண்டியது. "சத்தம் கேட்டா மிரளும்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மைதானத்தில் ஒலிபெருக்கி அலறியது. துரை கொட்டாவி விட்டது. டாக்டர் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு ஒவ்வொண்ணும் அருமை" என்றார். என்னைப் பொய்க்காரியாக்க வேண்டும் என்று நீதான் அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாயோ என்னவோ.

டாக்டரின் மனைவி பத்திரத்தைக் கடைசிவரை படித்தார். நான் பார்த்ததில் அப்படிப் படித்த முதல் ஆள் அவர்தான். "நலம்னா... குதிரையோட நலமா, உங்களோட நலமாங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எது சௌகரியமோ" என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

அடுத்து ஓய்வு விடுதிக்காரர். விருந்தாளிகள் ஏறி ஒரு சுற்று, ஒரு போட்டோ, அவ்வளவுதானாம். "குதிரைக்கும் பொழுது போகும் பாருங்க" என்றார். நீ பனியில் நனைந்து, பரீட்சையைக் கோட்டை விட்டு, என் பேச்சு ஒன்றையும் கேட்காமல் பழக்கிய குதிரை. அதற்குப் பொழுது போக வேண்டுமாம். போகும்போது, "ரெண்டு பேர் ஏறினாத் தாங்குமா?" என்று கேட்டார். "உங்க முதுகு தாங்குமா?" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவள் உன் எதிரி. கையுறைக்காரி. எல்லாப் போட்டியிலும் உனக்கு அடுத்து வருபவள். கடைசிப் போட்டியில் நீ துரையைச் சவுக்கால் அதிகம் அடித்தாய் என்று நடுவர்களிடம் புகார் சொல்லி முதல் பரிசை வாங்கிக்கொண்டு போனவள். அவள் சொன்னது பொய் என்று நான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். நீ சொன்னதால். "யாருக்கு வேணாலும் குடு, அவளுக்கு மட்டும் கூடாது" என்றும் நீ சொல்லியிருக்கிறாய்.

அவளுடைய குதிரைக்குக் கால் போய்விட்டதாம். இனிக் குதிக்காதாம். தனியாக, பஸ்ஸில் வந்தாள். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினாள். நடிப்பு என்றுதான் நினைத்தேன். இருக்கிற குரலில் மோசமான குரலை எடுத்து, தண்ணீரைக் கண்டால் துரை நின்றுவிடும் என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, தண்ணிக்கு நிக்காது. தாண்டுற கம்பம் செவப்பா இருந்தாத்தான் கொஞ்சம் இடது பக்கமா ஒதுங்கும். ஒவ்வொரு போட்டியிலயும் பாத்திருக்கேன். கம்பம் விழணும்னு வேண்டிக்கிட்டே பாத்திருக்கேன்."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஏறினாள். சுற்றினாள். தாண்டினாள். அதைப் பற்றி எழுத மாட்டேன். மாஸ்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இறங்கி வந்து பத்திரத்தைப் படித்தாள். "போன்ல பேசுறது எனக்கு வராது ஆன்ட்டி. வேணும்னா நேர்ல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் வருவதும் இல்லை, குதிரையும் இல்லை.

அவள் போன பிறகு மாஸ்டர் வாயைத் திறந்தார். "இது போட்டிக் குதிரைம்மா. உங்களுக்குப் பேச்சுத்துணைக்குக் கட்டி வச்சிருக்கிற மாடு இல்ல."

"எனக்கு எதுக்குப் பேச்சுத்துணை?"

"தினமும் காலையில வந்து அதுகிட்ட யாரு பேசிட்டு இருக்கா? நானா?"

உன்னைப் பற்றிய செய்திகளைத்தான் சொல்லுகிறேன். அதற்கும் தெரிய வேண்டும் அல்லவா. என்ன செய்தி இருக்கிறது என்று கேட்காதே. சென்ற வாரம் உங்கள் ஊரில் மழை என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தின்றது. வயிறு வைத்துவிட்டது; சேணத்தின் வார் கடைசி ஓட்டைக்கு வந்தாயிற்று.

எல்லாவற்றையும் யோசித்தேன். முழுக் குத்தகைக்கு விட்டால் துரையின் கால், துரையின் தீனி, துரையின் இருமல் எல்லாவற்றையும் நீ அவர்களிடம் கேட்டுக்கொள்வாய். அவர்கள் என்னைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். என்னிடம் கேட்க என்ன மிச்சம் இருக்கும்? பருப்பு என்ன விலை என்றா? எனக்கு வரும் போன் அந்தக் குதிரை மேல் ஏறித்தான் வருகிறது. நான் டைப் அடித்தவள், மக்கு இல்லை.

ஆகவே முடிவு இது. முழுக் குத்தகை இல்லை, பாதிக் குத்தகை இல்லை, சும்மாவும் இல்லை. துரை இங்கேயே நிற்கும். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது வந்து ஏறு. முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கால் எப்படி இருக்கிறது என்று கேள். யாருடைய கால் என்று முதலிலேயே சொல்லிவிடு. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் வேலை நிலைக்கட்டும், மேலதிகாரி உன்னிடம் மரியாதையாக நடக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும்.

இப்படிக்கு,
துரையின் பணியாள்,
உன் அம்மா.

பின்குறிப்பு: உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் லாயத்துக்குப் போனேன். கையுறைக்காரி வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். துரை தின்பதை விட்டுவிட்டு அவளிடம் நடந்து போய், மைதானத்தின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. காது இரண்டும் தடைகளைப் பார்த்து. என்னிடம் அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை. நான் கொண்டுபோவது பேச்சு மட்டும்தான்.

கொடுத்துவிட்டேன். முழுக் குத்தகை. மாஸ்டர் வண்டி வைத்துக் கொடுத்தார். ஏறும்போது துரை திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு வண்டி ஏறும்போது நீயும் பார்க்கவில்லை.

நீ யாருக்கு மட்டும் கூடாது என்றாயோ, அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். திட்ட நிறைய இருக்கும், ஒரு போனில் முடியாது. சாயங்காலங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன்.