நாற்பது நொடிப் பாட்டும் செவலை எருதும்

இசையைப் பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுவான குறை உண்டு. அவற்றுக்குப் பாட்டு தேவைப்பட்டது. பாட்டு கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆராயலாம். பாட்டே வெளிவராமல் இரண்டு வருடம் ஆராய்ந்து காட்டிய அமைப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். போட்ஸ்வானாவில், செரோவே ஊரில், டயர் கடைக்குப் பின்னாலிருக்கும் மருலா மரத்தடியில் கூடுகிற ‘முள்வேலி ராக் ரசிகர் ஆய்வு மன்றம்’ அது. மனிதகுலம் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. மன்றம் மனிதகுலத்தை மன்னித்துவிட்டது.

மன்றத்தில் இருபத்து மூன்று பேர். வெயில் முப்பத்தெட்டைத் தொட்டாலும் ஒருத்தியைத் தவிர அத்தனை பேரும் கறுப்புத் தோல் ஜாக்கெட், தோல் கால்சட்டை, அகலத் தொப்பி, இடுப்பில் இரும்புச் சங்கிலி என்றுதான் வருவார்கள். கோட்லா எனும் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவர் முன்னால் கூடும் முறைப்படியே கூட்டம் நடக்கும். தொப்பியைக் கழற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசுகிறவரை யாரும் மறிக்கக் கூடாது. கடைசியில் தலைவர் தொகுத்துச் சொல்வதே முடிவு. எல்லோரும் உட்கார்ந்து சங்கிலிச் சத்தம் அடங்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தையும் செயலாளர் குறிப்பேட்டில் பதிவு செய்வார்.

செயலாளர் ஒராட்டிலேவுக்கு வயது இருபத்தாறு. பதவி கிடைத்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஜாக்கெட் இன்னும் கிடைக்கவில்லை. ஜாக்கெட்டை மன்றம்தான் அணிவிக்கும். அதற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருந்தாள். பகலில் அவளுக்கு மாவட்டப் பட்டியில் வேலை. வேலி தாண்டித் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம் அது. நிறம், காது வெட்டு, தொடைச் சூடு, கிடைத்த இடம் என்று நான்கு பத்தியில் ஒவ்வொரு மாட்டையும் பதிவேட்டில் எழுதுவாள். எழுதிய பிறகு ஒருமுறை வெளியே போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவாள். தான் எழுதியது சரியாக இருக்கும் என்று அவளுக்கு எப்போதும் முழு நம்பிக்கை வந்ததில்லை.

ஆராய்ச்சிக்கு உரிய பொருள் இதுதான். ‘முள்வேலி’ குழு இரண்டு ஆல்பம் போட்டது. பிறகு ஆறு வருடம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பலாப்யேயில் ஒரு கச்சேரியின் முடிவில், குழுவின் பாடகரும் கிதார்காரருமான கெரெங் ஒரு புதுப் பாட்டை ஆரம்பித்தார். நாற்பது நொடியில் மின்சாரம் போய்விட்டது. யாரும் பதிவு செய்யவில்லை. எல்லோருடைய இரண்டு கைகளும் மேலே இருந்தன. அந்த நாற்பது நொடியை இருபத்து மூன்று பேரும் இருபத்து மூன்று விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். மன்றம் இதை ‘வளம்’ என்று குறிப்பிடுகிறது.

மன்றத்தின் நான்காம் விதி புகழ்பெற்றது. குழுவினரிடம் எவரும் எதையும் நேரடியாகக் கேட்கவோ சொல்லவோ கூடாது; அப்படிச் செய்தால் ஊகத்தின் தூய்மை கெடும்; மீறினால் நீக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, குழுவின் இணையப் பக்கத்தில் கெரெங்கே ஒரு பதிவு போட்டார்.

“என் செவலை எருது மூணு வாரமா காணோம். நெத்தியில வெள்ளைச் சுட்டி, இடது காதுல ரெண்டு வெட்டு, வலது தொடையில சூடு. வடக்கு வேலியத் தாண்டிப் போயிருக்கும். அத வித்துத்தான் பாட்டப் பதிவு பண்ணலாம்னு இருந்தோம். பாத்தவங்க சொல்லுங்க. இங்க மாட்டுக் கொட்டகையில சிக்னல் இல்ல, தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் வருது.”

ஒராட்டிலே இதைப் பட்டி அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தாள். தலையைத் தூக்கினாள். ஜன்னலுக்கு வெளியே, பன்னிரண்டு அடி தூரத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு செவலை எருது நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவேட்டைப் புரட்டினாள். வெளியே போய்க் காதைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள். திரும்பி வந்து பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பதிவின் கீழே எழுதினாள்: “ஐயா, உங்க எருது செரோவே பட்டியில நிக்குது. வெள்ளிக்கிழமை ஏலம். சூட்டுச் சான்ற எடுத்துட்டு அதுக்கு முன்னாடி வாங்க.”

இரண்டு நிமிடத்தில் அது அழிக்கப்பட்டது. குழுவுக்கு மாட்டு வேலை அதிகம் என்பதால் பக்கத்தை நிர்வகிக்கும் பாரத்தை மன்றமே சுமந்து வந்தது. மன்றத் தலைவர் மொலெஃபி, பள்ளியில் மரவேலை கற்பிப்பவர், ரசிகர் உலகில் ‘துருப்பிடித்த கர்னல்’, தொலைபேசியில் அழைத்தார்.

“என்னம்மா பண்ணிட்ட. முடிவ முன்னாடியே சொல்லிட்டா மத்தவங்க என்னத்த ஆராயிறது?”

“மாமா, அது மாடு.”

“எனக்குத் தெரியாதா? எங்கிட்டயும் நாப்பது உருப்படி இருக்கு. நாளைக்கு அஞ்சரைக்கு அவசரக் கூட்டம். குறிப்பேட்ட எடுத்துட்டு வா.”

குழுவின் பக்கத்தில் இருந்த கெரெங்கின் எண்ணுக்கு அவள் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை சங்கிலிச் சத்தம் அடங்கியதும் முதன்மை ஆய்வாளர் சியாபெலோ எழுந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்மணி. மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியதால் அவருக்கு எதையும் படிக்க முடியும் என்பது மன்றத்தின் நம்பிக்கை.

“செவலைன்னா என்ன? ரத்தம். வெள்ளைச் சுட்டின்னா ரத்தத்துக்கு நடுவுல ஒரு வெளிச்சம். காதுல ரெண்டு வெட்டு, ரெண்டு ஆல்பம் முடிஞ்சுது. மூணு வாரம்னா மூணாவது வருது. இதுக்கு மேல அவரு எப்படிச் சொல்லுவாரு, பாவம்.”

மினிபஸ் ஓட்டுநர் ஒடிசெங் கையைத் தூக்கினார். “வடக்கு வேலியத் தாண்டிப் போயிருக்கும்னு எழுதியிருக்காரு. நம்ம குழு பேரே முள்வேலி. அதையே தாண்டுறாருன்னா பாணியவே மாத்துறாரு. சொல்லவே வாய் கூசுது. பியானோ வருது.”

மரத்தடியில் சங்கிலிகள் ஒருமுறை அசைந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பியானோன்னா நான் ஜாக்கெட்டக் கழட்டி வெச்சிட்டுப் போயிருவேன்” என்றது.

ஒராட்டிலே பேனாவை மூடினாள். “ஒண்ணு கேக்கலாமா? ‘அத வித்துத்தான் பாட்டப் பதிவு பண்ணலாம்னு இருந்தோம்’னு நேராவே எழுதியிருக்காரே.”

“அந்த வரிதான் என்னை ராத்திரி தூங்க விடல” என்றார் சியாபெலோ. “அவ்வளவு பெரிய கலைஞன் நேராச் சொல்லுவாரா? நேராச் சொன்னா அதுக்குள்ள என்னமோ இருக்கு.”

“அக்கா, மாடு எங்க பட்டியில நிக்குது. தெனம் தண்ணி காட்டுறோம்.” அவள் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள்.

கைப்பேசி கை மாறிப் போயிற்று. அந்த மரத்தடியில் மாடு இல்லாதவர் ஒருவரும் இல்லை. இருநூறு அடியில் ஒரு கன்றின் வாலைப் பார்த்தே அது யார் வீட்டுப் பசுவின் பிள்ளை என்று சொல்லக் கூடியவர்கள். “நல்ல எருது” என்று ஒடிசெங் தன்னை மறந்து சொன்னார். “ஆறு வயசிருக்கும். திமிலப் பாரு.” ஒரு கணம் அங்கே ஆராய்ச்சி தடுமாறி, அறிவு தலைகாட்டப் பார்த்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அப்படீன்னா, நாடு பூரா எத்தனையோ பட்டி இருக்கறப்ப, நம்ம செயலாளர் வேலை பாக்குற பட்டிக்கே அனுப்பியிருக்காரு.”

“அனுப்பல மாமா. அதுவா வந்துச்சு.”

“ஏலம் என்னைக்குன்ன?”

“வெள்ளிக்கிழமை.”

தலைவர் எழுந்து நின்றார். “வெளியீட்டுத் தேதி வெள்ளிக்கிழமை” என்று தொகுத்துச் சொன்னார். இருபத்து மூன்று பேரும் ‘பூலா’ என்று மூன்று முறை மழையை அழைத்துக் கூட்டத்தை முடித்தார்கள். அவளுடைய ஆதாரத்துக்கு மன்றம் தனியாக நன்றி தெரிவித்தது. வியாழக்கிழமை மாலை அவளுக்கு ஜாக்கெட் அணிவிப்பது என்றும் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை அவளே எழுதினாள்.

பட்டி மேலாளரிடம் ஏலத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். உரிமையாளர் சான்றோடு நேரில் வந்தால் மாடு அவருடையது, வராவிட்டால் மாடு ஏலத்துக்கு, தொகை அரசுக்கு என்றார் அவர். சட்டம் தெளிவாக இருந்தது.

வியாழன் மதியம் தடுப்பூசிப் பெட்டிகளோடு அலுவலக வண்டி வடக்கே கிளம்பியது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“கெரெங் கொட்டகை வழியாத்தான் போறேன். மாடு இங்க நிக்குதுன்னு நாலு வரி எழுதிக் குடு, கையில குடுத்துர்றேன். அவனக் கையோட கூட்டிட்டே வந்துருவேன்.”

நான்கு வரி எழுதினாள். படித்துப் பார்த்தாள். நான்காம் விதி நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை பொதுவெளியில் எழுதியதை மன்றம் ‘ஆர்வக் கோளாறு’ என்று விட்டுவிட்டது. கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தை அப்படி விட மாட்டார்கள். ஜாக்கெட்டுக்காகத்தான் அவள் தயங்கினாள் என்று சொன்னால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவள் விதியை மட்டுமே நினைத்தாள். ஆனால் அந்த விதிக்கு ஒரு தோள் அளவும், இரண்டு பைகளும், முதுகில் ஒரு மண்டையோடும் இருந்தன.

ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

“ஒண்ணும் இல்லண்ணே. நீங்க போங்க.”

அன்று மாலை ஜாக்கெட் அணிவித்தார்கள். அளவு சரியாக இருந்தது. மடித்த காகிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் உள்பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஏலத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரோடு கடுமையாகப் போராடி மன்றம் எருதை வென்றது. தலைவர் அதன் கழுத்தில் கைபோட்டு எடுத்துக்கொண்ட படம் உடனே பக்கத்தில் ஏறியது: “எங்கள் கைக்கு வந்துவிட்டது.” இனி யாராலும் கசியவிட முடியாது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அதன்பின் எருதை என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் விவாதம். ஒடிசெங் தன் கொட்டகையில் கட்டலாம் என்றார். அங்கே அவர் மட்டும் தனியாகக் கேட்டுவிடுவார் என்று ஆட்சேபம் வந்தது. சியாபெலோ கடைசியாகப் பேசினார்.

“ஆல்பத்த வாங்கி அலமாரியில வைக்கிறவன் ரசிகனா? தெறக்கணும்.”

எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்டபோது ஒராட்டிலேவின் கை எழுதிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை முதல் மருலா மரத்தடியில் மூன்று கால் இரும்புப் பானைகள் மூன்று கொதித்தன. செஸ்வா எனும் இடித்த கறிக்கு உப்பும் தண்ணீரும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. ஜாக்கெட் கையை மடித்துவிட்டு ஆண்கள் உலக்கையால் இறைச்சியைப் பஞ்சாகும்வரை இடித்தார்கள். இரண்டு மணிக்குப் பரிமாறத் தொடங்கினார்கள். அப்போது ஒரு மினிபஸ் நின்று கெரெங் இறங்கினார். ஜாக்கெட் இல்லை. பழைய பனியன், ரப்பர் செருப்பு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சூட்டுச் சான்று. முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து சாயங்காலம் தொட்டி மேல ஏறினேன், போட்டோ பாத்தேன்” என்றார். “பொண்டாட்டிகிட்ட சொன்னேன், வெளியாள் யாரும் இல்லடி, நம்ம புள்ளைங்கதான் வாங்கியிருக்காங்க, குடுத்துருவாங்கன்னு. ரொம்ப நன்றி. எங்க கட்டியிருக்கீங்க?”

தலைவர் இரண்டு கையாலும் ஒரு தட்டை நீட்டினார். சிறந்த பாகமாக எடுத்து வைத்திருந்தது.

கெரெங் தட்டைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். அங்கே செவலைத் தோல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வலது தொடைச் சூடு தெளிவாகத் தெரிந்தது. கையிலிருந்த சான்றைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

“பாத்தீங்களா” என்று சியாபெலோ மெதுவாகச் சொன்னார். “பாட்டுக்கு வரியே கெடையாது. வெறும் இசைதான்.”

யாரோ கேட்டார்கள், “அண்ணே, ஆல்பம் எப்பண்ணே?”

“அதான் சாப்பிட்டுட்டீங்களே” என்றார் கெரெங்.

மரத்தடி அதிர்ந்தது. சங்கிலிகள் குலுங்கின. தொப்பிகள் மேலே பறந்தன. ஆறு வருடத்துக்குப் பிறகு ஆல்பத்தின் தலைப்பே வந்துவிட்டது. அதுவும் அவர் வாயால். சத்தம் ஓய்ந்து பார்த்தபோது அவர் சாலைக்குப் போயிருந்தார். தட்டு மரத்தின் வேர்மேல் இருந்தது, தொடாமல். ஒடிசெங் அதை எடுத்துக்கொண்டார்.

ஒராட்டிலே தன் பங்கை முடித்திருந்தாள். விரலெல்லாம் கொழுப்பு. குறிப்பேடு கறையாகக் கூடாதே என்று ஜாக்கெட்டின் உள்பையில் துழாவினாள். மடித்த காகிதம் ஒன்று அகப்பட்டது. நான்கு வரிகள். அதிலேயே கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினாள்:

“‘நாற்பது நொடி’ எனப்படும் பாடல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியானது. உறுப்பினர் அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. செயலாளரும் பெற்றுக்கொண்டார். மீதம் இல்லை. உப்பு சரியாக இருந்தது.”