ஆராவமுதன் தலைமை வகித்தார்

“இந்த நாலு மாசத்துல நான் வேற மனுஷனா ஆயிடப் போறேன்” என்று ஆராவமுதன் அறிவித்தபோது, கோமளம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த மாதிரி மனுஷனா?” என்று கேட்டாள். கேட்பது நல்லது என்று அனுபவத்தில் தெரிந்தவள்.

“கலைகள் தெரிஞ்ச மனுஷனா. தொழில் தெரிஞ்ச மனுஷனா. ஃபைலும் பேனாவுமா இருபத்தாறு வருஷம் போயிடுத்து. மனுஷனுக்கு ஒரு ஹாபி வேண்டாமா?”

ஆராவமுதன் சர்க்கார் ஆபீஸில் சூப்ரின்டெண்டென்ட். மைசூர் ராஜ்யம் பெரிதாகி, ஆபீஸோடு ஆபீஸ் சேர்ந்த சமயம் அது. யார் மேஜை எங்கே, யார் நாற்காலியில் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சேர்த்து வைத்த லீவையெல்லாம் இப்போதே எடுத்துத் தீர்த்துவிடும்படி மேலதிகாரி சொல்லிவிட்டார். ஜலதோஷத்துக்குக்கூட லீவு போடாத ஆராவமுதன், நாலு மாச லீவோடு மல்லேஸ்வரம் வீட்டில் வந்து உட்கார்ந்தார். லீவில் இருக்கும் புருஷன் இரவல் வாங்கி வந்த கல்யாண அண்டா மாதிரி. எங்கே வைத்தாலும் காலில் இடிக்கும்.

முதலில் ரோஜா வளர்த்தார். பதியன்களை நட்டு, வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தார். அடுத்தது கடிகார ரிப்பேர். கூடத்துக் கடிகாரத்தைப் பிரித்து மறுபடியும் பூட்டியதில் ஒரு சக்கரம் மிச்சமாயிற்று. “கம்பெனிக்காரன் ஒண்ணு அதிகமா போட்டிருக்கான்” என்றார். கடிகாரத்துக்கு அந்த அபிப்பிராயம் இல்லை போலிருக்கிறது. அன்றோடு நின்றுவிட்டது.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது மிருதங்கம். ரோஜா மாதிரி அது வாடவும் இல்லை, கடிகாரம் மாதிரி நிற்கவும் இல்லை.

கற்றுக்கொடுக்க காட்டன்பேட்டையிலிருந்து கோவிந்தப்பா சைக்கிளில் வருவார். பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் வாசித்த கை. பொறுமைசாலி. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் இந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டார்.

“ஸ்வாமி, ஸ்வல்ப நிதானம். உங்க கை முன்னாடி ஓடுது. தாளம் பாவம், பின்னாடி நடந்து வருது.”

“வேகம் இருக்கோல்லியோ, கோவிந்தப்பா?”

“வேகம் இருக்கு ஸ்வாமி. மத்ததெல்லாம்தான் வரணும்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த வீட்டில் கோமளத்துக்கும் இரண்டு பக்கமும் இடிதான். கூடத்தில் விடிந்தது முதல் ‘தத் தித் தொம் நம்’. சமையலறைக்குப் போனால் அங்கே ரவை டப்பா காலி. மிருதங்கத்தின் இடப்பக்கம் ஒட்டுவதற்கு ரவை பிசைய வேண்டுமாம். உப்புமாவுக்கு வைத்திருந்ததெல்லாம் தோலுக்குப் போயிற்று. கோமளம் பேசாமல் அவலை நனைத்தாள்.

அவள் பேசாமலேயே இருந்திருப்பாள். ஆனால் ராமநவமி வந்தது.

பெங்களூரில் ராமநவமி என்றால் தெருவுக்குத் தெரு பந்தல். பானகம், நீர்மோர், கோசம்பரி, சாயங்காலம் கச்சேரி. இந்த வருஷம் ஒரு நாள் கச்சேரிக்குக் கோமளத்தைப் பாடச் சொல்லித் தெருக் கமிட்டி கேட்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மைசூரில் மேடையேறிப் பாடியவள் கோமளம். அதற்கப்புறம் பாட்டெல்லாம் கொலுவிலும் குழம்பு கொதிக்கும் நேரத்திலும்தான். மறுபடியும் மேடையா என்று அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாற்றமுதில் உப்புப் போட மறந்துபோனாள்.

ஆராவமுதன் உப்பில்லாத சாற்றமுதைச் சந்தோஷமாகவே சாப்பிட்டார். “பக்கவாத்தியம் யாரு?” என்று கேட்டார்.

“பிடிலுக்கு ஆள் இருக்கு. மிருதங்கத்துக்குக் கோவிந்தப்பாவைக் கேக்கலாம்னு…”

“ஏண்டி, ஆத்துல ஒரு மிருதங்கம் இருக்கறச்சே வெளியாளைக் கூப்பிடுவாளா? நான் வாசிக்கறேன். கடைசியில அரைமணி தனி ஆவர்த்தனம். தெருவே அசந்து போகும்.”

கோமளம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நேராக வேண்டாம் என்றால் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்புறம், நான் இல்லாத கச்சேரி எதற்கு, நீயும் பாட வேண்டாம் என்பார். சரி என்றாலோ, இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த மேடை சந்தி சிரிக்கும். அவளுக்கு அந்த மேடை வேண்டும். எப்படியாவது வேண்டும்.

இரண்டு நாள் சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். கல்யாணியில் ஒரு கீர்த்தனம். அவள் சரணத்துக்கு வரும்போதே அவர் தீர்மானம் வைத்துவிட்டு அங்கவஸ்திரத்தால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கவனிச்சயா? நீ முடிக்கறதுக்கு முன்னாடியே நான் முடிச்சுட்டேன்.”

“கவனிச்சேன்.”

“நீ ரொம்ப இழுக்கறே, கோமளம். கொஞ்சம் சுறுசுறுப்பு வேணும்.”

மறுநாள் மத்தியானம் கோமளம் எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அது சீனிவாசராகவன் வீடு. ரிடையரான இன்ஜினியர். போன வருஷ ராமநவமிக்கு அவர்தான் தலைவர். ஜரிகைப் பேட்டாவைத் தலையில் கட்டி, சந்தன மாலை போட்டு எடுத்த அவருடைய போட்டோ கூடத்தில் தொங்குகிறது. வருகிற ஆளெல்லாம், பால்காரன் உட்பட, அதைப் பார்த்தாக வேண்டும். அந்தப் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஆராவமுதனுக்கு எதிர்வீட்டுப் பக்கமே கண் போவதில்லை.

சாயங்காலம் காபி டம்ளரின் மேல் ஆதி தாளம் வாசித்துக்கொண்டிருந்தார். கோமளம் மெதுவாக ஆரம்பித்தாள்.

“கமிட்டிக்காரா வந்திருந்தா. சும்மா பேசிட்டுப் போயிட்டா.”

“என்னவாம்?”

“ஒண்ணுமில்லேன்னா. இந்த வருஷம் உங்களைப் பிரசிடெண்டா போடலாமான்னு கேட்டா. முடியாதுன்னுட்டேன்.”

டம்ளரில் தாளம் நின்றது.

“என்னைக் கேக்காமலா?”

“நீங்கதான் மேடையில வாசிக்கப் போறேளே. பிரசிடெண்ட்னா வித்வான்களுக்குச் சால்வை போத்தணுமாம். தனக்குத் தானே சால்வை போத்திண்டா நன்னாவா இருக்கும்?”

“அது வந்து… அப்புறம் என்ன சொன்னா?”

“எதிராத்து இன்ஜினியரையே மறுபடியும் போட்டுடறோம்னா. சரி, ஹோகலி, போகட்டும்னுட்டேன்.”

“ஹோகலியா? நீ யாரு ஹோகலி சொல்றதுக்கு?”

செருப்பை மாட்டிக்கொண்டு ஆராவமுதன் போன வேகத்தைப் பார்த்திருந்தால் கோவிந்தப்பாவே வியந்திருப்பார். கமிட்டிக் காரியதரிசியின் வீட்டில் என்ன பேசினாரோ, அரைமணியில் திரும்பி வந்தார். முகத்தில் பாதி வெற்றி, பாதி திருட்டு முழி.

“கோமளம், ஒரு விஷயம். நீ வருத்தப்படப்படாது.”

“சொல்லுங்கோ.”

“ஊரு உலகம்னு ஒண்ணு இருக்கு. பெரியவா ஒரு பொறுப்பைத் தரச்சே தட்ட முடியலை. நான் பிரசிடெண்டா இருந்துதான் ஆகணும்கறா.”

“அப்போ எனக்கு யாரு வாசிப்பா?”

கோமளம் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகைதான். ஆராவமுதன் உருகிப்போனார்.

“அழாதே, அழாதே. கோவிந்தப்பா இல்லையா? என் அளவுக்கு வேகம் கிடையாது, ஒத்துக்கறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. தீபாவளிக்கு உனக்கு நல்ல பட்டுப் புடவையா எடுத்துடறேன்.”

“உங்களுக்காகப் பொறுத்துக்கறேன்” என்றாள் கோமளம். பட்டுப் புடவை அவள் கணக்கிலேயே இல்லாதது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

கச்சேரியன்று ஆராவமுதன் பேட்டாவும் பஞ்சகச்சமுமாக முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவே ஜமக்காளத்தில் நிறைந்திருந்தது. கோமளம் முதலில் கொஞ்சம் தயங்கினாள். கோவிந்தப்பாவின் கை பக்கத்தில் பக்குவமாகத் தட்டிக் கொடுக்க, குரல் திறந்துகொண்டது. தோடி வந்தபோது பானகம் கொடுக்கிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இத்தனை வருஷம் இது சமையலறையிலா இருந்தது என்று ஆராவமுதன் நினைத்தார். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தொடையில் தாளம் போட மறந்தே போனார். அது ஒரு விதத்தில் நல்லதாயிற்று.

முடிவுரையில் மட்டும் விடவில்லை. தாமே வாசித்திருக்க வேண்டியது என்றும், பொதுக் காரியத்துக்காகத் தியாகம் செய்ததாகவும் விஸ்தாரமாகச் சொன்னார். தெரு பலமாகக் கைதட்டியது. தியாகத்துக்குக் கிடைத்த கைதட்டல் பாட்டுக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமோ என்றுகூட அவருக்குத் தோன்றிற்று.

மறுநாள் காலை மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“கோமளம், நேத்து நீ பாடினதைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. உனக்கு வாசிக்கறதுன்னா கொடுத்து வெச்சிருக்கணும். அடுத்த வருஷம் இந்தப் பிரசிடெண்ட் உத்தியோகமெல்லாம் வேண்டாம். எதிராத்துக்காரருக்கே விட்டுக் கொடுத்துடறேன். நான்தான் உனக்கு வாசிப்பேன்.”

கோமளத்துக்கு மனசு இளகித்தான் போயிற்று. கட்டினவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று. ஆனால் இளகின மனசு வேறு, மேடை வேறு.

“முடியாதேன்னா. நேத்து நீங்க போட்டோ எடுத்துண்டு இருக்கச்சே கமிட்டி கூடித்து. உங்களை நிரந்தரப் பிரசிடெண்டா போட்டுட்டா.”

“நிரந்தரமான்னா?”

“ஆயுசு பூரா.”

ஆராவமுதனின் முதுகு நிமிர்ந்தது. “யார் பிரேரணை?”

“எதிராத்து இன்ஜினியர்தான்.”

“அந்த மனுஷனா? அவரோட பதவியை அவரே தூக்கிக் கொடுத்தாரா? எதுக்காம்?”

“அவாத்து ஜன்னல் நம்ம கூடத்தைப் பார்த்துன்னா இருக்கு. பிரசிடெண்டுக்குச் சாதகம் பண்ற வேலை இல்லையே.”

ஆராவமுதன் ஜன்னலைப் பார்த்தார். மிருதங்கத்தைப் பார்த்தார். மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஆமோதிச்சது யாரு? நீதானே?”

“ஆம்படையானைப் பத்தின தீர்மானத்தை நான் ஆமோதிச்சா நன்னாவா இருக்கும்?” என்று காபியை ஆற்றிக் கொடுத்தாள் கோமளம். “உங்க மிருதங்க வாத்யார்தான்.”