மாப்பிள்ளை வாங்கித் தந்த வண்டி

புது சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது என்பது, அதை நிறுத்தப் போனபோதுதான் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்தது. காலால் துழாவிப் பார்த்தார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வாசலில் மாப்பிள்ளை சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்ததால், வண்டியைப் பிடித்தபடியே இவரும் சிரித்தார்.

"எப்படி மாமா இருக்கு?"

"பிரமாதம் மாப்பிள்ளை. மிதிக்கவே வேண்டாம், தானா போகுது."

தெரு முனை வரை போய் வருவதற்குள் அவருடைய இடுப்பு வேறு மாதிரி அபிப்பிராயத்துக்கு வந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூடு அகலத்துக்குத்தான் சீட்டு. ஹேண்டில்பார் எங்கோ கீழே கிடந்தது. குனிந்து அதைப் பிடித்தால் முன்சக்கரம் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. மணி இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு கூட இல்லை. இவ்வளவும் இல்லாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு விலையாம்.

ஆனால் அதை வாய் திறந்து சொல்ல முடியுமா? ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதிகமாகச் சிரித்தாள், அதிகமாகச் சாப்பிட்டாள், அப்பாவை அதிகமாக அதட்டினாள். அவள் காய்ச்சலில் படுத்தபோது மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அப்படிப்பட்டவர் ஆசையாக வாங்கி வந்ததை, இடுப்பு வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தால் அது நன்றிகெட்டதனம். இடுப்புக்கு என்ன, நாலு தடவை தைலம் தேய்த்தால் ஆயிற்று.

"அப்போ, அந்தப் பழைய வண்டி?" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

பழைய வண்டி சுவரோரம் நின்றது. கறுப்பு இரும்பு, தோல் சீட்டு, டைனமோ, ஆளை உட்கார வைக்கிற கேரியர். கடை ஆரம்பித்த நாளிலிருந்து கண்ணாடிக்கடைக்காரரைச் சுமந்த வண்டி. மாப்பிள்ளை அதன் அருகே போய்க் குனிந்து, செயின் கவரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கைக்குட்டையை எடுக்கிற அளவுக்கா அழுக்கு? புதுசு வந்த பிறகும் இந்தக் கிழட்டு வண்டி எதற்கு என்றுதானே கேட்கிறார்?

"இன்னைக்கே தள்ளிடறேன் மாப்பிள்ளை."

"வேண்டாம் மாமா. நல்ல வண்டி. வேணும்கிறவங்க யாராவது இருப்பாங்க."

"அது உங்க பெருந்தன்மை. இனிமே உங்க கண்ணுலயே படாது."

மாப்பிள்ளை என்னவோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் உண்மையைப் பேச இருவருக்கும் நேரம் கிடைக்காது.

மறுநாளிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார். வீட்டிலிருந்து புது வண்டியில் கிளம்புவார். தெரு திரும்பியதும் இறங்கி, கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். கடையின் பின்னறையில் பழைய வண்டி ஒளிந்திருந்தது. லென்ஸ் வாங்கி வரவும், நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அதுதான். பெட்டியைக் கேரியரில் கட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தால், முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

"விலை கூடின வண்டின்னு சொன்னீங்க. முன்னைவிட லேட்டா வர்றீங்களே?" என்றாள் மனைவி.

"கியர் போட்டுப் பழகணும்ல."

ஒரு நாள் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்துவிட்டார். பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஓடிப்போய் அதன் குறுக்கே நின்றுகொண்டார்.

"மாமா, அந்தப் பழைய வண்டிய யாருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்குக் கொடுக்கறது? பழைய இரும்புக் கடைல போட்டுட்டேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

"எந்தக் கடை?"

"இந்தா, இப்படிப் போயி அப்படித் திரும்பினா வருமே, அந்தக் கடைதான்" என்று கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் நான்கு திசையையும் காட்டினார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, இவர் பழைய இரும்புக் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கறார். என்னன்னு கேட்டா, உங்கப்பாகிட்ட சொல்லாதேன்னு மட்டும் சொல்றார்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அலைகிறார். பரிசு கொடுத்தவரிடமே பொய் சொன்னவன் என்று பெயர் வந்தால், மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரே வழிதான் இருந்தது. பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும். காலையில் முதல் வேலையாகப் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு இரும்புக் கடைக்குப் போனார்.

"இது இங்க கொஞ்சம் நிக்கட்டும். யாராவது வந்து கேட்டா, கண்ணாடிக்கடைக்காரர் அப்பவே போட்டுட்டுப் போயிட்டார்னு சொல்லுங்க."

"சொல்லிடுவோம்" என்றார் இரும்புக்கடைக்காரர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விற்கக் கூடாது என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தார் கண்ணாடிக்கடைக்காரர். சொல்லியிருக்கத்தான் வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தபோது வண்டி நின்ற இடத்தில் ஒரு உடைந்த கட்டில் நின்றது.

"வண்டி எங்க?"

"வித்தாச்சுங்களே."

"நான் விக்கச் சொல்லலியே."

"இரும்புக் கடைல கொண்டுவந்து நிறுத்தினா விக்காம, வெத்தலை பாக்கு வெச்சு உபசாரமா பண்ணுவேன்? நீங்க சொல்லச் சொன்னத சொல்றதுக்கும் யாரும் கேக்கல. வந்தாரு, பார்த்தாரு, வாங்கிட்டாரு."

லாரியிலிருந்து தகரம் இறங்க ஆரம்பித்தது. இரும்புக்கடைக்காரர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஒரு சைக்கிளுக்காக அழுகிற வயதா இது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றுதான் பதில் வந்தது. அப்போது தெருவில் ஒரு மணிச்சத்தம் கேட்டது. அவர் விரல் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய மணி.

எழுந்து ஓடினார். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். பின்னால் கேரியரில் மகள், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே ஒரு பக்கமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி நின்றதும் கண்ணாடிக்கடைக்காரர் ஹேண்டில்பாரைப் பற்றிக்கொண்டார். விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை மறைக்கவும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். சீட்டு, இடுப்பு, பின்னறை, ஸ்க்ரூ டிரைவர், இரும்புக் கடை, எல்லாம்.

"நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தீங்க மாப்பிள்ளை. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. இது இல்லாம இருக்கவும் முடியல."

மாப்பிள்ளை வண்டியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மணியை ஒரு தடவை மெல்லத் தட்டினார்.

"உங்களுக்காகத்தான் மாமா தேடிப் பிடிச்சு மீட்டுட்டு வந்தேன். வெச்சுக்கோங்க."

மகள் என்னவோ சொல்லப் போனாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. நெஞ்சு நிறைந்து சொன்னார். "புது வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போங்க. சின்ன வயசு, உங்களுக்குத்தான் அது பொருத்தம்."

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்று மாப்பிள்ளை புது வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அதில் கேரியர் இல்லாததால் மகளும் கூடவே நடந்து போனாள்.

அடுத்த வாரம் பழைய வண்டி கடை வாசலில் பகிரங்கமாக நின்றது. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் மாப்பிள்ளையின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் இரும்புக்கடைக்காரர் உள்ளே வந்தார். கொஞ்ச நாளாகத் தராசு முள் தெரியவில்லையாம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இப்ப?"

"மங்கல்."

"இது?"

"இது தெளிவா இருக்கு. வாசல் வரைக்கும் தெரியுது." அவர் வாசலையே பார்த்தார். "அங்க நிக்கறது, என் கடைல வித்துப்போன வண்டிதானே?"

"அதேதான். திரும்பி வந்துடுச்சு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், பூரிப்போடு.

"அந்தத் தம்பி எப்படிங்க கொடுத்துச்சு? 'இந்த வண்டி மேல உசுரு எனக்கு, வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டுத்தான் என் மாமனாருக்குப் புதுசே வாங்கிக் கொடுத்தேன்'னு என் கடைல நின்னு கண் கலங்கிச்சே."