சாயம் போகும் பரிவட்டம்

காஞ்சிபுரத்தில் தெய்வத்துக்கு அடுத்தபடியாகப் பரிவட்டத்தை நம்புகிற மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் முதலாளிதான். இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். கோயில் மரியாதையை வைத்துச் சிரிப்பதாக ஆகிவிடுமோ என்று பயம். பேனாவை எடுப்பேன், ஏகாம்பரநாதரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், மூடி வைத்துவிடுவேன். போன வாரம் முதலாளியே, "எழுதுபா, சாமி கோச்சிக்காது" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுகிற இடம். வேலைக்கு நாலே பேர். சாயம் போடும் மாஸ்டர் ஏழுமலை, அடுப்பு பார்க்கும் சாமுவேல், நூலை அலசி உலர்த்தும் கஸ்தூரி அக்கா, பிழிந்து கொடுக்க நான். முதலாளிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் 'பரிவட்டம்' என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கூரியர்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்.

அந்தப் பெயர் வந்த கதை இது. ஒரு உற்சவத்தில் யாரோ உபயதாரருக்குத் தலையில் பட்டுத் துணியைச் சுற்றிப் பரிவட்டம் கட்டியிருக்கிறார்கள். குட்டையான மனிதர். கட்டி முடித்ததும் ஒரு முழம் வளர்ந்துவிட்டாராம். எங்கள் முதலாளி சாமியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மறுநாள் பட்டறைக்கு நீளமாக ஓர் அரக்கு நிறப் பட்டுத் துணியும் ஒரு பழைய சைக்கிள் மணியும் வந்தன. முந்தின நாள் நன்றாக வேலை செய்தவரைக் காலையில் ஸ்டூலில் உட்கார வைப்பார். மணியை அடிப்பார். கோயில் கட்டியக்காரர் மாதிரி "பராக்கு" என்று ஒரு நீட்டல். பிறகு துணியைத் தலையில் சுற்றிக் கட்டுவார். மத்தியானச் சாப்பாடு வரை அவிழ்க்கக் கூடாது. சம்பளத்துக்குப் பதிலாகத் துணியைக் கட்டி ஏமாற்றினார் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் தவறியதே இல்லை. இது அதற்கும் மேலே.

சாமுவேலிடம் மட்டும் முதலில் தயங்கினார்.

"நீ சர்ச்சுக்குப் போற ஆளு. கட்டலாமாபா?"

"கட்டுங்க மொதலாளி. தலைதான, அது எந்தப் பக்கமும் குனியும்."

எதற்குக் கட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டோடு ஒரு வாரம் சண்டை போடாமல் இருந்ததற்குக் கஸ்தூரி அக்காவுக்குக் கட்டினார். டீ சூடாக இருந்ததற்காக டீக்கடைக்காரருக்குக் கட்டினார். ஒரு நாள் நாங்கள் நாலு பேருமே மசமசவென்று வேலை பார்த்தோம். மறுநாள் காலை மணியடித்து, பரிவட்டத்தைக் கொண்டுபோய்ச் சாயம் கொதிக்கும் செம்பு அண்டாவின் கழுத்தில் கட்டிவிட்டார்.

"இன்னா மொதலாளி, அண்டாவுக்குக் கட்டிக்கினு கீறீங்க?" என்றார் ஏழுமலை.

"நேத்து அது ஒண்ணுதான்பா வேல செஞ்சிது."

ஏழுமலை அன்று முழுக்க அண்டாவை முறைத்துக்கொண்டே வேலை செய்தார். மறுநாளைக்கு வைத்திருந்த நூலும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

இதில் ஒரு சங்கடம். அந்தத் துணிக்கு முதலாளி தன் கையாலேயே சாயம் போட்டிருந்தார். அடுப்பு வெக்கையில் வியர்த்ததும் நெற்றியில் அரக்கு நிறத்தில் ஒரு கோடு இறங்கும். சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. நான் பூசுகிற விபூதி ரோஜா நிறத்தில் தெரியும். தெருவில் எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கி நீயா?" என்று கேட்பார்கள். நூல் கொடுக்க வந்த நெசவுக்காரர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"இன்னாபா, உங்க சாயம் இப்படி ஓடுது?"

முதலாளி அசரவில்லை. "தோலுல ஏறுனதே ஒரு வாரம் போவ மாட்டேங்குது. பட்டுல ஏறுனா போவுமா?"

அவர் யோசித்துப் பார்த்து நூலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அந்தத் துணிய ஒரு தபா என்கிட்ட குடுங்க, ஒழுங்கா போட்டுத் தரேன்" என்று ஏழுமலை கேட்காத நாள் கிடையாது. "அப்பால பாக்கலாம்பா" என்பார் முதலாளி.

கல்யாண சீசனில் இடி விழுந்தது. திருப்புட்குழிப் பக்கம் புதிதாக வந்த பெரிய மெஷின் பட்டறையில் ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். எங்களிடம் நிறத்தைக் கண்ணால் பிடிக்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த அண்டாவின் அடுப்பு அணைந்தால் எங்கள் மூன்று வீட்டு அடுப்பும் அணையும். நான் குமரகோட்டத்து முருகனிடம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

முதலாளி கெஞ்சவில்லை. கடைசி நாள் காலை வழக்கம்போல மணியடித்தார். "பராக்கு" மட்டும் பாதியில் நின்றது. ஏழுமலைக்குப் பரிவட்டம் கட்டி, "போயிட்டு வாபா. பேரு எடு" என்றார்.

மறுநாள் எங்களுக்கு ரோஜா நிறம் கேட்டு நூல் வந்தது. முதலாளி கை பட்டதும் அது கத்தரிக்காய் ஆகிவிட்டது. நாங்கள் அதைச் சுற்றி இழவு வீடு மாதிரி நின்றபோது வாசலில் சைக்கிள் சத்தம். ஏழுமலை. நெற்றியில் கோடு அப்படியே இருந்தது.

"இன்னா ஏழுமல, எதுனா மறந்து வெச்சிட்டியா?" என்றார் கஸ்தூரி அக்கா.

ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்தார். "மயில் கழுத்துக் கலரு கேட்டாங்கக்கா. மெஷினுக்கு வரல. நான் புடிச்சிக் குடுத்தேன். ஒருத்தன் வந்தான், எடுத்துக்கினு போயிட்டான். நல்லாகீதுன்னு ஒரு வார்த்த கிடையாது. என் நெத்தியப் பாத்து, கழுவிக்கினு வரக் கூடாதான்னு கேக்கறான்."

"நீ இன்னா சொன்ன?"

"இது கழுவுறது இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய பரிவட்டத்தை எடுத்தார். "மொதல்ல இதுக்கு ஒழுங்கா சாயம் போடறேன் மொதலாளி. ஊரே சிரிக்குது."

முதலாளி பாய்ந்து பிடுங்கினார். "வேணாம்பா. நான் வேணும்னேதான் அலசாம வெச்சிகீறேன்."

"எதுக்கு?"

"சாயம் போவலன்னா மரியாத இங்கியே நின்னுடும்பா. வூட்டுக்குப் போறப்ப உன் பொண்டாட்டி, புள்ளைங்க பாக்க வேணாமா?"

ஏழுமலை தன் நெற்றிக் கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தக் கத்தரிக்காய் நூலைத் தூக்கிப் பிடித்து, "இத கெடுத்தது யாரு?" என்றார். மூன்று விரல்கள் முதலாளியைக் காட்டின.

பட்டறை இன்றும் நடக்கிறது. நேற்று எனக்குக் கட்டினார். இன்று காலை குளித்து விபூதி பூசும்போது அந்தக் கோட்டை மட்டும் மறைக்காமல் விட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். மேலே சாயம் எதுவும் ஏற்ற வேண்டாம். அவர் போட்டதே இன்னும் போகவில்லை.