மூளை அளக்கும் அப்பா

உலகத்தில் பலவகை அப்பாக்கள் உண்டு. பிள்ளை எந்த வகுப்பு என்று பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் போடும் அப்பா ஒரு வகை. பிள்ளைக்கு வாங்கிய பொம்மை ரயிலைத் தானே ஓட்டிக்கொண்டு, பிள்ளை கேட்டால் "இரு, உடைச்சிடுவே" என்னும் அப்பா இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வருவது மூன்றாவது வகை: மூளை அளக்கும் அப்பா. எங்கள் சியோலில் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. எந்த அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் நுழைந்தாலும் ஒருவராவது கூடவே ஏறுவார்.

அடையாளம் காண்பது சுலபம். அவருடைய பிள்ளையைப் பார்த்து நீங்கள் சிரித்தால், அது பதிலுக்குச் சிரிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "ஆறாவது மாடிக்கும் பதினாலாவது மாடிக்கும் நடுவுல எத்தனை மாடி கண்ணு?" என்பார். பிள்ளை சொல்லும். உடனே அவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காமல் இறங்கினீர்களோ, அடுத்த முறை நீங்கள் ஓடிவரும்போது கதவு மூடிக்கொள்ளும். மற்ற வீடுகளில் கதவு நிலையில் பிள்ளையின் உயரத்துக்குக் கோடு போடுவார்கள். இவர் வீட்டில் ஞாபகசக்திக்கு ஒரு கோடு, கணக்குக்கு ஒரு கோடு, எத்தனை வார்த்தை தெரியும் என்பதற்கு ஒரு கோடு. ஏதாவது ஒரு கோடு ஒரு மாதம் ஏறாமல் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றார்கள், சரி. அதற்காக முளையைத் தினம் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொன்னார்களா?

எங்கள் குடியிருப்பில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பியோ கியூதே. நல்ல மனிதர். குப்பை பிரித்துப் போடும் நாளில் பக்கத்து வீட்டு அட்டைப்பெட்டிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார். ஒரே மகள், ராவோன். அவளுடைய முதல் பிறந்தநாளில், வழக்கப்படி நூல், பணம், பென்சில் எல்லாம் முன்னால் பரப்பி எதை எடுக்கிறாள் என்று பார்த்தார்கள். எடுப்பதுதான் பிள்ளையின் எதிர்காலம் என்பார்கள்; பென்சில் என்றால் படிப்பு. ராவோன் தன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். விருந்துக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கியூதே சிரிக்கவில்லை. பிள்ளை பென்சிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை.

அவளுக்கு நாலு வயதானபோது ஒரு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பிள்ளைகளை நாலு வயதில் சேர்த்து, பதினெட்டு வயது வரை ஆண்டுதோறும் பிறந்தநாளன்று கூப்பிட்டு, யோசனை எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. மதிப்பெண் கிடையாது. முதலிடம், கடைசி இடம் கிடையாது. போகும்போது ஒரு குட்டிக் குடை கொடுப்பார்கள். ஒரே நிபந்தனைதான்: வீட்டில் எதையும் சொல்லிக்கொடுத்துப் பழக்கக் கூடாது. பழக்கிய பிள்ளையை அளந்து பிரயோஜனமில்லை என்பதால் ஆய்விலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் இல்லாத சோதனையா? கியூதேவுக்குத் தலை சுற்றியது. பிறகு தெளிந்தது.

"மதிப்பெண் இல்லைன்னா, போடறாங்க, நம்மகிட்ட காட்ட மாட்டாங்கன்னு அர்த்தம்" என்று மனைவி மீரானுக்கு விளக்கினார்.

முதல் வருடம் ஆய்வை நடத்தும் டாக்டர் சொக் யங்இன், ஒரே அளவாக இருந்த இரண்டு தம்ளர் பார்லி டீயில் ஒன்றை மட்டும் ஒல்லியான உயரத் தம்ளரில் ஊற்றினார். பெற்றோர் அடுத்த அறையில். நடுவில் ஒரு கண்ணாடி: பிள்ளைக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, பெற்றோருக்கு ஜன்னல்.

"எதுல நிறைய இருக்கு ராவோன்?"

"உயரமானதுல."

"ஏன் அப்படித் தோணுது?"

"இது எழுந்து நிக்குது. அது உக்காந்துக்கிட்டிருக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் கியூதே நெற்றியில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மாவோ சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "ஓஹோ, எழுந்து நிக்குதா! அப்புறம்?" என்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். ராவோனிடம் 'அப்புறம்' என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். அன்றிலிருந்து மழை வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குட்டிக் குடையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மாகிட்ட எப்போ போறோம்?" என்பதே பேச்சு. பிறந்தநாள் என்றாலே அவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

இரண்டாம் வருடமும் டீ எழுந்துதான் நின்றது. கியூதேவால் தாங்க முடியவில்லை. விசாரித்தார். எங்கள் ஊரில் எதற்குத்தான் தனிப்பயிற்சி இல்லை? மதிப்பெண்ணே இல்லாத அந்த ஆய்வுக்கும் மூன்றாவது தெருவில் ஒரு தனிப்பயிற்சிக்கூடம் முளைத்திருந்தது! நிபந்தனை ஞாபகமிருக்கிறதா என்று மீரான் கேட்டாள்.

"எல்லாரும்தான் கையெழுத்துப் போட்டாங்க, எல்லாரும்தான் அனுப்பறாங்க. நாம மட்டும் யோக்கியனா இருந்து பிள்ளையைப் பின்னால தள்ளணுமா?"

ஆறாவது பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள் காலையில் கடல்பாசி சூப் குடிக்காத கொரியப் பிள்ளை உண்டா? அன்று எங்கள் குடியிருப்பில் ஒன்று இருந்தது.

"பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு வழவழன்னு இதைக் குடுப்பாங்களா? படிச்சதெல்லாம் வழுக்கிட்டுப் போயிடும்" என்றார் கியூதே.

"பரீட்சையே இல்லைங்கறாங்க. பிறந்தநாளும் அதுவுமா பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"பட்டினி யார் போட்டா?" என்று பல்லில் ஒட்டும் மிட்டாயை மகள் வாயில் திணித்தார். படித்தது ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ராவோனின் வாய்தான் ஒட்டிக்கொண்டது. சுரங்க ரயிலில் பாதி தூரம் அவளால் பேச முடியவில்லை.

டாக்டர் சொக் ஊற்றினார். கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஊத்தும்போது எதையும் சேர்க்கலை, எதையும் எடுக்கலை" என்று ராவோன் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அந்த மாதத்தில் எங்கள் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் இதே வாக்கியத்தை, இதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொல்லியிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உயரத் தம்ளரை எடுத்து, மடக் மடக்கென்று பாதி டீயைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தம்ளரைப் பழைய இடத்தில் வைத்தார்.

"இப்போ?"

ராவோன் தம்ளரைப் பார்த்தாள். டாக்டரம்மாவின் வாயைப் பார்த்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஊத்தும்போது எதையும் சேர்க்கலை, எதையும் எடுக்கலை."

கண்ணாடிக்குப் பின்னால் கியூதே கைதட்டினார்.

"ஐயோ, அவங்க குடிச்சதை நீங்க பாக்கலையா?" என்றாள் மீரான்.

"அதெல்லாம் பிள்ளையை ஏமாத்தறதுக்கு! நம்ம பொண்ணு ஏமாறலை, பாத்தியா?"

உள்ளே டாக்டர் சொக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, நிஜமா உனக்கு என்ன தோணுது?"

"நீங்க குடிச்சிட்டீங்க" என்று ராவோன் கிசுகிசுத்தாள். "ஆனா தோணறதைச் சொல்லக் கூடாது."

சோதனை அதோடு முடிந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, அடுத்த வருடத்திலிருந்து ராவோன் வர வேண்டாம் என்றார். கியூதே வெளிறிப்போனார்.

"ஃபெயிலா மேடம்?"

"ஃபெயில் ஆகறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லைங்க."

"அப்போ பாஸா?"

டாக்டர் சொக் பெருமூச்சு விட்டார். "ராவோன் அப்பா, உங்க பொண்ணு என்ன யோசிக்கிறான்னு தெரிஞ்சுக்கத்தான் நாங்க கூப்பிட்டோம். இப்போ நீங்க யோசிக்கிறதுதான் தெரியுது. உங்களைப் பதினெட்டு வயசு வரைக்கும் அளந்து நாங்க என்ன பண்றது?"

திரும்பிப் போகும்போது சுரங்க ரயிலில் ராவோன் மூன்றாவது குடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எழுந்து நிக்குதுன்னே சொல்றேன்ப்பா. உக்காந்திருக்குன்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன். என்னை வரச் சொல்லச் சொல்லுங்க."

கியூதேவுக்கும் இருப்பது பெற்ற மனம் அல்லவா? மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டார். அவளைத் தேற்ற அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"அழாதே கண்ணு. எங்கே, அடுத்த நாலு ஸ்டேஷன் பேரை அப்பாவுக்குச் சொல்லு பாப்போம்."

ராவோன் விக்கி விக்கி அழுதபடியே நாலையும் வரிசை தப்பாமல் சொன்னாள். மீரான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கியூதே எதிர் இருக்கைக்காரரைப் பார்த்தார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று உங்களுக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. உங்கள் பிள்ளையை அதன் போக்கில் விட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அந்த உயரத் தம்ளர் வந்த இடத்தில், 'நம்ம பிள்ளை என்ன சொல்லும்?' என்று ஒரு நினைப்பு ஓடியதா இல்லையா? ஒருதடவை வைத்துத்தான் பார்ப்போமே, சும்மா விளையாட்டுக்கு, யாரிடமும் சொல்லவா போகிறோம் என்று அடுக்களைப் பக்கம் கால் நகர்ந்ததா இல்லையா?

தம்ளரைக் கீழே வையுங்கள்.