சம்பந்திக்குப் பிடித்த சிவப்பு ஒயின்

பாட்டிலின் கார்க்கை எடுக்க ஞானதாஸ் முதலில் திருப்புளியால் குத்தினார். பாதி கார்க் நொறுங்கி உள்ளே விழுந்தது. மீதிப் பாதியில் ஒரு நீள ஸ்குரூவை இறக்கி, குறடால் பிடித்து இழுத்தார். கார்க் வந்தது. கூடவே கொஞ்சம் ஒயினும் வந்து, மனைவி செல்வமேரி அன்று காலையில்தான் விரித்த வெள்ளை மேசை விரிப்பில் கொட்டியது.

சேலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடமாக மேஸ்திரி அவர். எந்த இரும்பும் அவர் சொன்னபடி வளையும். ஒரு கார்க் அடங்கவில்லையே என்று அவமானமாக இருந்தது.

"தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க," என்றாள் செல்வமேரி. "சில்லி சிக்கன் வேற ஆறுது."

எல்லாம் மகள் லிடியா செய்த வேலை. கோவையில் வேலை பார்க்கும் அவள், கூட வேலை பார்க்கும் சிவபிரகாஷைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போன மாதம் சொன்னாள். பையன் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் மல்லசமுத்திரம். இந்துக் குடும்பம், மரவள்ளி விவசாயம். ஞானதாஸ் கத்தவில்லை. பையனின் அப்பாவை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பார்த்ததும் கேட்க, கல்யாணம் எந்தக் கோவிலில், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டா என்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தார். எந்தக் கேள்வியும் ஒரு விருந்தைப் பாதியிலேயே முடித்துவைக்கப் போதுமானது.

லிடியா உடனே ஒப்புக்கொண்டாள். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள். ஆனால் ஒரு விஷயம் என்றாள். சிவபிரகாஷின் அப்பா மாதையன், ரிக் லாரியோடு ஆப்பிரிக்கா போய் எட்டு வருடம் போர்வெல் போட்டவராம். அங்கே ரோடு போட வந்த சீனர்களோடு ஒரே முகாமில் தங்கியதில், சைனீஸ் சாப்பாடும் சிவப்பு ஒயினும் பழகிவிட்டதாம். விலை அதிகமான ஒயின் வாங்கினால் பகட்டு என்று நினைப்பார். சாதாரண ஒயினே போதும், ஆனால் சாப்பாட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மனிதர் வாயே திறக்க மாட்டார்.

"ஆப்பிரிக்கா பத்தி மட்டும் கேட்டுறாதீங்கப்பா. அந்த நாளெல்லாம் ஞாபகம் வந்தா அவருக்குக் கண் கலங்கிரும்."

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்குகள் உலகமெல்லாம் போவது ஞானதாஸுக்குத் தெரியாதா? நம்பினார். ஒயின் தெரிந்த ஒரு விவசாயிக்கு முன்னால், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஊறப்போடும் தான் ஒன்றும் தெரியாமல் நிற்பதா என்று ரோஷம் வந்தது.

மறுநாளே ஒயின் ஷாப்புக்குப் போய் ஒயின் கேட்டார். விற்பவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒயின்தான் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, உள் அடுக்கிலிருந்து மூன்று பாட்டில்களைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

அந்த முதல் பாட்டில்தான் மேசை விரிப்பில் கொட்டியது. மிச்சத்தை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒரு துண்டு சில்லி சிக்கனைக் கடித்து, ஒரு மிடறு விழுங்கினார். துவர்ப்பும் மிளகாயும் கைகோத்துக்கொண்டு நாக்கில் நெருப்பு வைத்தன. செல்வமேரி தயிருக்கு ஓடினாள்.

துவர்ப்புதான் குற்றவாளி என்று, அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இனிப்பு ஒயினைத் திறந்தார்கள். கோபி மஞ்சூரியனோடு அது இருமல் மருந்தில் ஜாம் கரைத்தது போல இருந்தது. அப்படியென்றால் சாப்பாட்டில்தான் கோளாறு என்று செல்வமேரி தானே நூடுல்ஸ் செய்தாள். காரத்துக்குப் பதில் வினிகரைத் தாராளமாக விட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நம்ம பட்டறையை நக்கின மாதிரி இருக்கு," என்றார் ஞானதாஸ்.

அவள் சிரித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை. ஞாயிறு மத்தியானம் என்றால் அவர் டிவி முன்னால், அவள் அடுப்படியில் என்றுதான் காலம் போயிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடுவது நன்றாகத்தான் இருந்தது.

வெறும் பாட்டில்களைப் பின்வாசலில் அடுக்கி வைத்ததுதான் தப்பாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை, தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், ஜெபம் நடத்தும் ஹெலன், குடிப்பழக்கத்தில் விழுந்திருக்கும் நம் தெருக் குடும்பத் தலைவர் ஒருவருக்காக மன்றாடுவோம் என்றார். யாரோ பாவம் என்று ஞானதாஸ் எல்லோரையும்விடச் சத்தமாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார். கண்ணைத் திறந்தபோது மொத்தக் கூட்டமும் அவரையே கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதறிப்போய் உண்மையைச் சொன்னார். குடிப்பது நானில்லை, வரப்போகும் சம்பந்திக்காகத்தான் வாங்குகிறேன் என்றார். இரண்டே நாளில், லிடியாவுக்கு வாய்த்திருக்கும் மாமனார் பெருங்குடிகாரர் என்ற செய்தி கோவில் பங்கு முழுக்கப் பரவியது. அடுத்த வாரக் கூட்டத்தில் ஹெலன் மாதையனின் பெயரைச் சொல்லியே மன்றாடினார்.

ஞானதாஸ் எழுந்துவிட்டார்.

"அவர் எட்டு வருசம் கண் காணாத தேசத்துல வெயில்ல நின்னு போர் போட்டு, அந்தப் பையனைப் படிக்க வெச்சவர். ஒரு டம்ளர் ஒயின் குடிச்சா அது குடியா? என் சம்பந்தியைப் பத்தி யாரும் இப்படிப் பேச வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது செல்வமேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். சேலத்து வெக்கைக்கு எதுவும் சில்லென்று இருந்தால்தான் இறங்கும் என்று, துவர்ப்பு குறைந்த, பழவாசனை உள்ள ஒயினாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாள். மிளகாயைக் குறைத்து, இஞ்சி பூண்டும் சோயா சாஸும் போட்டுக் காளான் நூடுல்ஸும் கோழியும் செய்தாள். ஒரு வாய், ஒரு மிடறு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றை ஒன்று தேடி வந்தது போல இருந்தது.

மாதையன் வெள்ளை வேட்டி சட்டையில், மனைவி அத்தாயியோடும் மகனோடும் வந்தார். லிடியா முந்தின நாளே வந்திருந்தாள். ஞானதாஸ் ஒயினை ஊற்றினார். மாதையன் டம்ளரைச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கி, "அருமையா இருக்குதுங்க சம்பந்தி. இஞ்சி வாசத்தோட நல்லா சேருதுங்க," என்றார். ஞானதாஸுக்கு ஒரு மாதக் களைப்பும் அந்த நொடியில் போயிற்று. சில்லென்று குடிப்பதன் நுணுக்கத்தை இவர் சொல்ல, துவர்ப்புக்கும் மிளகாய்க்கும் ஆகாது என்று அவர் சொல்ல, பேச்சு ஒயினை விட்டு வெளியே போகவே இல்லை. தான் கேட்க வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட ஞானதாஸுக்கு ஞாபகம் வரவில்லை.

பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்தபடி சாப்பிட்டார்கள்.

மூன்றாவது தரம் ஊற்றும்போது ஞானதாஸுக்கு வாய் தவறிவிட்டது.

"ஆப்பிரிக்காவுல குடிச்ச மாதிரி இருக்குதுங்களா?"

லிடியாவின் கரண்டி கீழே விழுந்தது. மாதையன் ஒன்றும் புரியாமல் விழித்தார். அத்தாயி கணவரின் டம்ளரை உள்ளங்கையால் மூடினார்.

"ஆப்பிரிக்காவுங்களா? ஈரோட்டைத் தாண்டிப் போவாத மனுசனுங்க இவரு. சேலத்துச் சம்பந்திக்கு ஒயினும் சைனாச் சோறும்னா உசுரு, கூட உக்காந்து குடிக்காட்டி மொகம் குடுத்தே பேச மாட்டாருன்னு உங்க புள்ள சொல்லுச்சுன்னு, எங்க குலசாமி கோயல்லதான் தாலி கட்டோணும்னு மல்லுக்கு நின்னதையும் மறந்துபோட்டு, ஒரு மாசமா எங்கூட்டுல மூக்கைப் புடிச்சுக்கிட்டு இதைத்தான் குடிச்சுப் பழகறாருங்க."